வலியைத் தொடு, மூச்சைத் தொடாதே

கடலூர் முதுநகரில் என் சித்தப்பா நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். ஒருமுறை கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வலையை இழுத்து முடித்துவிட்டுத்தான் கரை சேர்ந்தார். கெளுத்தி முள்ளின் கடுப்பு எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட மனிதர், வாய்ப் புற்றுநோய் தாடை எலும்பைத் தொட்ட பிறகு, இரவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

புதுச்சேரியில் மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்து மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலமிளக்கி. மூன்றாம் நாள் சித்தப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஆனால் வீட்டில் பயம் குடியேறியது. மருந்துக்கடையில் ஒருவர், "இதைப் போய் வீட்டில் வைத்திருக்கிறீர்களா? மூச்சு நின்றுவிடும், அடிமையாகிவிடுவார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மருந்து வேதியியல் படித்தவன் என்பதால் சித்தி என்னைத்தான் கேட்டார்: "தம்பி, வலியை மட்டும் அடக்குகிற மருந்து ஒன்றை உங்கள் ஆட்களால் செய்ய முடியாதா? வலிக்குக் கொடுப்பது ஏன் வயிற்றைக் கட்ட வேண்டும், ஏன் மூச்சைத் தொட வேண்டும்?"

அந்த ஒரே கேள்விக்குத்தான் உலகின் மருந்து வேதியியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடுகிறார்கள். அவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே ஏமாந்தார்கள் என்பதை வேதியியல் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

ஒரே பூட்டு, பல கதவுகள்

முதலில் வலி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைச் சுட்டு உரித்துவிடும். அந்த இடத்தில் தோலுக்குள் இருக்கும் நரம்பு நுனிகள் மின்துடிப்புகளை எழுப்புகின்றன. துடிப்பு கை வழியாக ஏறித் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே முதல் நரம்பணு தன் செய்தியை அடுத்த நரம்பணுவுக்குக் கைமாற்றுகிறது. அது மூளைக்கு ஏறிய பிறகுதான் நாம் "ஐயோ" என்கிறோம். நுனியில் எழுவது செய்திதான். அது மூளையில்தான் வலியாகிறது. இந்தக் கைமாற்றும் இடத்தில் செய்தியை மெதுவாக்கினால் வலி குறையும்.

மார்ஃபின் அதைத்தான் செய்கிறது. நரம்பணுவின் மேல்தோலில் புரதத்தால் ஆன நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஏற்பியைப் பூட்டு என்றும் மருந்து மூலக்கூறைச் சாவி என்றும் சொல்வது வழக்கம். மார்ஃபின் பொருந்தும் பூட்டுக்கு மியூ ஏற்பி என்று பெயர். சாவி பொருந்தியதும் பூட்டு தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது. அந்த அசைவு நரம்பணுவின் உட்புறத்தில் இருக்கும் ஜி புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அதன் பலனாகக் கால்சியம் உள்ளே வரும் வாசல் சாத்திக்கொள்கிறது, பொட்டாசியம் வெளியேறும் வாசல் திறந்துகொள்கிறது. நரம்பணு அடங்கிவிடுகிறது. செய்தி கைமாறுவதில்லை.

இதுவரை நல்ல செய்தி. சித்தியின் கேள்விக்கான விடை இனிமேல்தான். இதே மியூ ஏற்பி, அச்சு மாறாமல், வேறு இடங்களிலும் இருக்கிறது. நாம் தூங்கும்போதும் மூச்சின் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் உள்ளன. அவற்றின் மேலும் இந்தப் பூட்டு இருக்கிறது. குடலை அசைத்துக் கழிவை நகர்த்தும் நரம்புகளிலும் இருக்கிறது. மனத்துக்கு இதம் தரும் மூளைப் பகுதிகளின் வழியிலும் இருக்கிறது. ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால், ஒரு வீட்டுக்குச் செய்த சாவி எல்லா வீட்டையும் திறக்காதா? வலி அடங்குவதும், வயிறு கட்டுவதும், மூச்சு மட்டுப்படுவதும், மனம் இலேசாவதும் ஒரே நிகழ்வின் நான்கு முகங்கள். மார்ஃபினின் பக்கவிளைவு என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் அதன் விளைவுதான், இடம்தான் வேறு.

செடியில் விளையும் பொருளுக்கு நம் உடம்பில் எதற்குப் பூட்டு? மார்ஃபின் பொருந்தும் ஏற்பி இருக்கிறது என்பதை 1973-இல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியபோது எல்லோரும் கேட்ட கேள்வி இது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் விடை கண்டார்கள். உடம்பே தன் சொந்தச் சாவியைச் செய்துகொள்கிறது, அதன் பெயர் என்கெஃபலின். வலையை விடாமல் இழுத்த என் சித்தப்பாவின் உடம்பும் அன்று கொஞ்சம் செய்திருக்கக்கூடும். கோஸ்டர்லிட்ஸ் நெடுங்காலம் நம்பியிருந்த சோதனைக் கருவி கினிப்பன்றியின் குடல் துண்டு. மின்சாரம் கொடுத்தால் சுருங்கும் குடல், மார்ஃபின் சொட்டினால் சுருங்காது. வலி மருந்தைக் குடலில் சோதித்தார்கள் என்றால் முதலில் வியப்பாக இருக்கும். பூட்டு ஒன்றுதான் என்று தெரிந்தபின் வியப்பு போய்விடும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோப்பரமைடு மாத்திரையும் ஓபியாய்டு வகைதான், அதாவது மார்ஃபினைப் போல வேலை செய்யும் வகைதான், அதே மியூ பூட்டின் சாவிதான். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் காவல் நிற்கும் ஒரு புரதம் அதை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் மருத்துவர் சொல்லும் அளவில் அது குடலோடு நின்றுவிடுகிறது. சாவியை மாற்றாமல், அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றியும் மருந்து செய்யலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாவி செய்தவர்கள்

நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, அபின் செடியின் விதை. அதன் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் செர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் 1805 வாக்கில் அந்தப் பாலிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸை நினைத்துப் பெயரிட்டார். பிறகு தானும் இளைஞர்கள் மூவரும் அதை விழுங்கிப் பார்த்தார்கள். அளவு மிஞ்சிவிட்டது. காடியைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார்கள். மார்ஃபினின் முதல் மனிதச் சோதனை இப்படித்தான் நடந்தது.

அதன்பின் வந்த நூற்றாண்டு முழுவதும் ஒரே ஆசை: மார்ஃபினை இலேசாகத் திருத்தி, தீமையை மட்டும் கழற்றிவிட வேண்டும். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அப்படித் திருத்திய ஒரு பொருளை இருமலுக்கு மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினைப் போல அடிமையாக்காது என்று அன்று நம்பினார்கள். அதன் பெயர் ஹெராயின். மூளைக்குள் விரைந்து நுழைந்து அங்கே திரும்பவும் மார்ஃபினாகவே மாறிவிடும் பொருள் அது. வேறு பூட்டைத் தேடவில்லை, அதே வீட்டுக்கு வேகமாக ஓடும் வண்டியைத்தான் செய்திருந்தார்கள். அடிமையாக்குமா என்று சோதித்து அறியும் முறையும் அன்று இல்லை. அந்தக் குறை பின்னால் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று எண்ணும்போது, மருந்தைச் செய்வதைவிட அதைச் சோதிப்பதே பெரிய கலை என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ஃபினின் வடிவம் சிக்கலானது. ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அதன் அமைப்பை ராபர்ட் ராபின்சன் 1925-இல் சரியாக ஊகித்தார். ஆய்வகத்தில் முழுதாக அதை முதலில் கட்டியெழுப்பியவர் மார்ஷல் கேட்ஸ், ஆண்டு 1952. அதற்கும் முன்பே, முழு வடிவமும் தேவையில்லை என்பது தற்செயலாகத் தெரிந்துவிட்டது. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வயிற்றுப் பிடிப்புக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு புதிய பொருளைக் கொடுத்த எலிகளின் வால் விறைத்து வளைந்து நிற்பதைக் கண்டார்கள். மார்ஃபின் கொடுத்த எலிக்கும் அப்படித்தான் நிற்கும். எலியின் வாலைப் பார்த்தே கண்டுபிடிக்கப்பட்ட அந்த மருந்து பெத்திடின். நம் ஊர் மருத்துவமனைகளிலும் பல காலம் புழங்கியது. அதன் மூலக்கூறு மார்ஃபினைப் போல இல்லவே இல்லை என்று முதல் பார்வையில் தோன்றும். கூர்ந்து பார்த்தால், பூட்டைத் திருப்பத் தேவையான பற்கள் மட்டும் அதே இடைவெளியில் இருக்கும்.

செயற்கை ஓபியாய்டு என்ற சொல் இங்கிருந்துதான் பொருள் பெறுகிறது: அபின் செடியே இல்லாமல், எளிய வேதிப்பொருள்களிலிருந்து கட்டப்பட்ட சாவி. மெத்தடோன் வந்தது. 1960 வாக்கில் பெல்ஜியத்தில் பால் ஜான்சென் ஃபென்டனிலை உருவாக்கினார். எடைக்கு எடை மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வலுவானது, விரைந்து வேலை செய்து விரைந்து அடங்குவது. அறுவைச் சிகிச்சை அரங்கில் அது இன்றும் நம்பிக்கையான துணை. தெருவில் அதே பொருள் எமன்.

வலு என்பது ஒரு மருந்தின் பெருமை அல்ல. இதைத் தொடக்கநிலை மாணவர்கள் எப்போதும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு மடங்கு வலுவான மருந்து நூறு மடங்கு நல்ல மருந்து ஆகிவிடாது. வலியை அடக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதுதான் கேள்வி. அந்த இடைவெளி குறுகலாக இருந்தால், வலு கூடக் கூட, கை தவறினால் வரும் கேடும் கூடும். 1950களில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் நிட்டாசீன் என்ற வகையில் மிக வலுவான பொருள்களைச் செய்து பார்த்தது. மூச்சுக்கு ஆபத்து என்று தெரிந்ததால் அவை மருந்தாக வெளிவரவே இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கள்ளச்சந்தைக்காரர்கள் அவற்றைத் தோண்டியெடுத்து விற்கிறார்கள், ஆட்கள் சாகிறார்கள். அமெரிக்காவில் 2021-இல் மட்டும் ஓபியாய்டு மிகுந்து இறந்தவர்கள் 80,000-க்கும் மேல்.

இன்னொரு புறம், மூலக்கூறில் ஒரு சிறு வால் மாறினால் சாவி பூட்டுக்குள் போகும், ஆனால் திருப்பாது. உள்ளேயே அடைத்துக்கொண்டு, மற்ற சாவியையும் வெளியே தள்ளிவிடும். 1960களின் தொடக்கத்தில் பிறந்த நலாக்ஸோன் அப்படிப்பட்டது. மூச்சு அடங்கிக் கிடப்பவருக்கு ஊசியாகவோ மூக்கில் தெளிப்பாகவோ கொடுத்தால், சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. மருந்து வேதியியலின் மிக அழகான சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதி மட்டும் திருப்பும் சாவியும் உண்டு. புப்ரனார்ஃபின் அந்த வகை. அளவு கூடினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அது அடக்குவதில்லை. மெத்தடோனைப் போலவே போதை மீட்புச் சிகிச்சையிலும் பயன்படுகிறது.

புதிய மூலக்கூறு எத்தனை வாசல் தாண்ட வேண்டும்

கடலூர் சிப்காட் வளாகத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வேதியியல் என்றால் கொதிகலனும் பீப்பாயும்தான் நினைவுக்கு வரும். மருந்து தேடும் வேதியியல் வேறு முகம் கொண்டது. ஒரு புதிய பொருள் கடுகளவு கிடைத்தால் போதும், சோதனை தொடங்கிவிடும்.

முதல் கேள்வி, பூட்டில் ஒட்டுகிறதா? மியூ ஏற்பியை உருவாக்கும் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, கதிரியக்க அடையாளம் இட்ட பழைய சாவியை முதலில் ஒட்டவிடுவார்கள். புதிய பொருள் அதை எந்த அளவில் தள்ளிவிடுகிறது என்று அளப்பார்கள். இரண்டாம் கேள்வி, ஒட்டியபின் திருப்புகிறதா? நலாக்ஸோன் இறுக ஒட்டும், திருப்பாது. ஆகவே ஒட்டுதலும் திருப்புதலும் தனித்தனி அளவுகள். பூட்டுக்கு உறவினர்களும் உண்டு. கப்பா ஏற்பியைத் திருப்பினாலும் வலி குறையும், ஆனால் மனம் கலங்கும், இல்லாதது தெரியும். டெல்டா ஏற்பி இன்னொன்று. புதிய சாவி இவற்றில் எதையெல்லாம் தொடுகிறது என்ற கணக்கு வேண்டும். இதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் பொட்டாசியம் வாசலைத் தற்செயலாக அடைத்துவிடுகிறதா என்றும் பார்த்தே தீர வேண்டும். பல நல்ல மூலக்கூறுகள் அந்த இடத்தில்தான் விழுந்தன.

அடுத்து கல்லீரல். விழுங்கிய பொருளை அது என்னவாக மாற்றுகிறது? இருமல் மருந்துகளில் இருந்த கோடீன் தனக்குள் பெரிதாக ஒன்றும் செய்யாது. கல்லீரலின் ஒரு நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக்குவதால்தான் வேலை நடக்கிறது. அந்த நொதி சிலருக்கு மந்தமாகவும் சிலருக்கு மிக வேகமாகவும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. மந்தமானவருக்கு வலி குறையாது. வேகமானவருக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, வழக்கமான அளவே மூச்சை அடக்கிவிடக்கூடும். ஒரே பாட்டில், ஒரே ஸ்பூன், இரண்டு குழந்தைகள், இரண்டு முடிவுகள். சிறுவர்களுக்குக் கோடீன் கூடாது என்று பல நாடுகள் எச்சரித்ததன் காரணம் இது.

பிறகு எலி. இதைப் படிக்கச் சிலருக்கு மனம் வலிக்கும், எனக்கும்தான். நம் நாட்டில் விலங்குச் சோதனைக்கு ஒழுங்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும், தேவைக்கு மேல் ஒரு விலங்கையும் பயன்படுத்தக் கூடாது. தொட்டால் சுடும் சூட்டில், ஐம்பத்து ஐந்து டிகிரி செல்சியஸ் வாக்கில், ஒரு தட்டு. எலி பாதத்தை நக்கினாலோ குதித்தாலோ உடனே எடுத்துவிடுவார்கள். மருந்து கொடுத்த எலி எத்தனை நொடி தாமதிக்கிறது என்பதே கணக்கு. வாலில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அது வாலை இழுத்துக்கொள்ளும் நொடியை அளக்கும் சோதனை 1941 முதல் இருக்கிறது. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. வாலை இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சை, பாதத்தை நக்குவதில் மூளைக்கும் பங்கு உண்டு.

வலி குறைந்தது என்று தெரிந்தால் அங்கே நிறுத்த முடியாது. நலாக்ஸோன் கொடுத்துப் பார்க்க வேண்டும். வலி திரும்பினால், மருந்து ஓபியாய்டு பூட்டின் வழியாகத்தான் வேலை செய்தது என்று பொருள். எலியை மூடிய அறையில் விட்டு, காற்றழுத்த மாற்றத்தை வைத்து அது எத்தனை முறை, எவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறது என்று அளப்பார்கள். கரித்தூள் கலந்த கூழைக் கொடுத்து, குடலில் அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்ப்பார்கள். நெம்புகோலை அழுத்தினால் மருந்து கிடைக்கும் கூண்டில் எலி திரும்பத் திரும்ப அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். 1898-இல் இல்லாமல் போன சோதனை இதுதான்.

இவற்றையெல்லாம் தாண்டியபின் மனிதர்கள். முதலில் நலமான சிலருக்கு மிகச் சிறிய அளவில் பாதுகாப்புச் சோதனை, பிறகு சில நூறு நோயாளிகள், பிறகு ஆயிரக்கணக்கானோர். கால் பெருவிரல் எலும்பைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை வலி மருந்துச் சோதனைகளில் அடிக்கடி வருகிறது. அதன்பின் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வகை வலி வரும், ஒப்பிடுவது எளிது. ஒரு பிரிவுக்குப் புதிய மருந்து, ஒரு பிரிவுக்குப் பழைய மருந்து, ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரையாலும் வலி ஓரளவு குறையும். அதனால்தான் அது இல்லாமல் வலி மருந்தை நம்பவே கூடாது.

இருபது ஆண்டுகள் நீடித்த ஒரு நம்பிக்கை

இனி நான் சொல்லப்போவது, இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி.

மியூ பூட்டு திரும்பியதும் ஜி புரதம் எழுகிறது என்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு புரதமும் வந்து ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டுகிறது. அதன் பெயர் பீட்டா அரெஸ்டின். பூட்டை ஓய்வுக்கு அனுப்புவது அதன் வேலை. 1999-இல் லாரா போன், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் முதலியோர் இந்த அரெஸ்டினில் ஒரு வகை இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். மார்ஃபின் அவற்றில் கூடுதலாக வலியை அடக்கியது. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வு அதைவிட வியப்பானது: அந்த எலிகளுக்கு மூச்சு அதிகம் மட்டுப்படவில்லை, குடலும் அதிகம் கட்டவில்லை.

பூட்டு ஒன்றுதான், ஆனால் பூட்டுக்குப் பின்னால் இரண்டு பாதை. ஒன்றில் வலி நீக்கம், மற்றொன்றில் தீமை. ஜி புரதத்தின் பக்கம் மட்டும் சாய்ந்து திருப்பும் சாவியைச் செய்துவிட்டால் சித்தியின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்! உலகம் முழுவதும் ஆய்வகங்கள் இதில் இறங்கின. 2012-இல் மியூ ஏற்பியின் முப்பரிமாண வடிவம் படிக ஆய்வில் வெளியானது, அதை வெளியிட்ட குழுவில் இருந்த பிரையன் கோபில்கா அதே ஆண்டு லெஃப்கோவிட்ஸுடன் நொபெல் பரிசைப் பகிர்ந்தார். 2016-இல் ஒரு குழு, அந்த வடிவத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினியிலேயே பொருத்திப் பார்த்தது. அவற்றில் 23-ஐ மட்டும் தேர்ந்து சோதித்து, ஒன்றைத் திருத்தித் திருத்தி, பிஇசட்எம்21 என்ற மூலக்கூறைப் பெற்றது. வலியை அடக்குகிறது, மூச்சை அதிகம் தொடவில்லை என்று அறிவித்தது. படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

2018-இல் வேறொரு குழு அதே மூலக்கூறைத் தன் எலிகளில் சோதித்தது. மூச்சு மட்டுப்பட்டது, மார்ஃபினைப் போலவே. 2020-இல் வெவ்வேறு நாடுகளில் இருந்த மூன்று ஆய்வகங்கள், அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கு மார்ஃபினைக் கொடுத்துப் பழைய ஆய்வைத் திரும்பச் செய்தன. மூன்றிலும் மூச்சு மட்டுப்பட்டது. அஸ்திவாரமே ஆடியது. அந்தப் புதிய மருந்துகள் சற்று மென்மையாக இருந்ததற்குக் காரணம் சாய்வு அல்ல, அவை பூட்டைப் பாதிதான் திருப்புகின்றன, புப்ரனார்ஃபினைப் போல, என்ற விளக்கம் இப்போது வலுவாக நிற்கிறது.

இந்தக் கொள்கையில் பிறந்த ஒலிசெரிடின் என்ற ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் ஏற்க மறுத்தது. 2020 ஆகஸ்டில் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதித்தது. அதன் உறையில் மூச்சு பற்றியும் அடிமைத்தனம் பற்றியும் மற்ற ஓபியாய்டுகளுக்கு உள்ள அதே எச்சரிக்கை இருக்கிறது.

இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு அழகான கருத்தை, அதை நம்பிய அதே துறையினர் திரும்பச் சோதித்துத் தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டார்கள். ஹெராயின் காலத்தில் இது நடந்திருந்தால்!

பூட்டை விட்டு விலகிப் போனவர்கள்

லோப்பரமைடை நினைவில் வைக்கச் சொன்னேன். இடத்தை மாற்றுவது என்ற அதே எண்ணத்தை இன்னும் நுட்பமாகப் பெர்லினில் ஒரு குழு எடுத்துக்கொண்டது. அடிபட்டு வீங்கிய திசு சற்றுப் புளிப்பாகிவிடும், அதாவது அமிலத்தன்மை கூடும். மூளையும் குடலும் அப்படி அல்ல. புளிப்பான இடத்தில் மட்டும் பூட்டைத் திருப்பும் சாவியைக் கணினியில் வடிவமைத்து, எலிகளில் வலி குறைவதை 2017-இல் காட்டினார்கள். காயம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்து. எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழி நீண்டது என்றாலும், எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்றொரு கூட்டம் மியூ பூட்டையே கைவிட்டது. ஆடி மாதத்தில் நம் திரௌபதி அம்மன் கோயில்களில் தீ மிதிக்கும் பக்தர்களைப் பார்த்திருக்கிறோம். சூடு அவர்களுக்குத் தெரியும், தாங்கிக்கொள்கிறார்கள். வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் தணலின் மேல் நடந்தும் கையில் கத்தியைச் செருகியும் வித்தை காட்டினான். அவனுக்கு வலியே தெரியாது. பதினான்கு வயது நிறைவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், நரம்பில் சோடியம் நுழையும் ஒரு வாசலின் மரபணு அவர்களிடம் பழுதுபட்டிருப்பதை 2006-இல் வெளியிட்டார்கள். வலி நரம்புகளில் துடிப்பு எழவே சோடியம் உள்ளே பாய வேண்டும். வாசல் இல்லாவிட்டால் துடிப்பு இல்லை, துடிப்பு இல்லாவிட்டால் வலி இல்லை.

அந்த வாசலை அடைக்கும் மருந்துகள் சோதனையில் ஏமாற்றின. ஆனால் அதன் தங்கை போன்ற இன்னொரு சோடியம் வாசல், தண்டுவடத்துக்கு வெளியே உள்ள வலி நரம்புகளில் இருக்கிறது. அதை அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இரண்டு சோதனைகளில், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் அது வெற்று மாத்திரையை வென்றது. உடன் வைத்து ஒப்பிட்ட ஓபியாய்டு கலந்த மாத்திரையை வெல்லவில்லை. மூளைத்தண்டின் மூச்சு நரம்பணுக்களில் அதற்கு வேலை இல்லை, மனத்துக்கு இதம் தரும் வழியிலும் இல்லை. வலியை மட்டும் தொடும் மருந்து என்று சித்தி கேட்டதற்கு இதுவரை மிக அருகில் வந்தது இதுதான்.

ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் அனுமதி திடீர் வலிக்குத்தான். நாட்பட்ட இடுப்பு நரம்பு வலியில் சோதித்தபோது, வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. தாடை எலும்பை அரித்த புற்றுநோய் வலிக்கு, சித்தப்பா அதை விழுங்கியிருக்கவும் முடியாது, விழுங்கியிருந்தால் போதும் என்று நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

ஆகவே அன்று சித்தியிடம் சொன்னது இதுதான். புதிய மருந்து வரும்வரை பழையதை ஒழுங்காகக் கொடுப்போம். மருத்துவர் சொன்ன அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் மூச்சுக்கு ஆபத்து மிக அரிது. மூச்சு நரம்பணுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். முதல் சில நாள் மயக்கமும் தானே தெளியும். குடல் மட்டும் பழகாது, அதனால் மலமிளக்கியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கடைக்காரர் சொன்ன அடிமைத்தனம் வேறு, உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு. திடீரென நிறுத்தினால் உடம்பு படுத்தும், மருத்துவர் சொல்லிக் குறைத்தால் படுத்தாது. மாத்திரையைப் பெட்டியில் பூட்டி, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், உரிமத்துக்கு மேல் உரிமம் வேண்டியிருந்ததால் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு வழி எளிதாக்கப்பட்டது. சட்டம் இறங்கிவந்த அளவுக்கு அச்சம் இறங்கவில்லை. கடலூரிலிருந்து ஒரு மாத்திரை அட்டைக்காகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறும்போதெல்லாம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்தாளுநர் படிகமாக்கிய பொருளுக்கு இன்னும் இத்தனை அலைச்சலா என்று நெஞ்சு கொதித்திருக்கிறது.

சித்தி சுவரில் இருந்த நாள்காட்டியின் ஓரத்தில் நேரத்தை எழுதிவைத்தார்: ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. இரவு இரண்டு மணிக்கு அலாரம். கடைசி ஏழு வாரம் அந்த நேரம் ஒருநாளும் தவறவில்லை. சித்தப்பா அந்த ஏழு வாரமும் இரவில் தூங்கினார்.